லேத்து நின்ற நேரம்

"இன்னும் கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்றாள் சர்மிளா.

"இதுக்கு மேல மிதிச்சா மூணு பேரும் பள்ளத்துலதான் தங்கச்சி" என்றார் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த சிவசாமி. சொன்னாரே தவிர மிதிக்கத்தான் செய்தார். பொகவந்தலாவைக்கு இறங்கும் அந்தத் தோட்டத்துப் பாதையில் முடக்குக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழியிலும் புருஷன் அழகனின் தலை அவள் மடியிலிருந்து எகிறி எகிறி விழுந்தது. நெடிய மனிதர். கால்கள் இரண்டும் ஆட்டோவுக்கு வெளியே மழையில் நனைந்தன. முகமெல்லாம் வேர்வை, அதன்மேல் மரத்தூள். துவாயால் துடைக்கத் துடைக்க வேர்வைதான் வந்ததே ஒழிய தூள் போகவில்லை.

லேத்து நின்றதை அவள் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருந்தாள்.

தோட்டத்து ஃபேக்டரியை மூடியபோது, அங்கே ஃபிட்டராக இருந்த அழகனுக்கு அடிமாட்டு விலைக்கு மரம் கடையும் பழைய லேத்து ஒன்று கிடைத்தது. மோட்டர் இல்லாத லேத்து. கொல்லைப்பக்கத் தகர ஷெட்டில் அதை வைத்துக்கொண்டு மனிதர் மாதக்கணக்கில் முழித்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான மெஷின் ஒன்றைப் பழுதென்று வெளியே தூக்கிப் போட்டது தெரிந்து, அதன் மோட்டரைக் கழற்றிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தார்.

"கொழுப்பக் கொறைக்க ஓடுறானுங்க புள்ள. அவனுங்க ஓடின மோட்டருதான் இனி நமக்குச் சோறு போடப் போவுது" என்று சிரித்தார். போடத்தான் செய்தது. கட்டில் கால், கதிரைக் கால் என்று வேலை வந்தபடி இருந்தது.

அந்த மோட்டரோடு ஒரு சிவப்புச் சாவியும் வந்தது. சாவி செருகியிருந்தால்தான் மோட்டர் ஓடும். சாவியில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் சட்டையில் மாட்ட ஒரு கிளிப். ஓடுகிறவர் விழுந்தால் கயிறு இழுத்து, சாவி பிடுங்கிக்கொண்டு, எல்லாம் நின்றுவிடும். அழகன் கயிற்றை வெட்டப் போனார். சர்மிளா விடவில்லை. ஃபேக்டரியில் மெஷினுக்குக் கையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"சட்டையில மாட்டிக்கிட்டு ஓட்டுறதுன்னா ஓட்டுங்க. இல்லாட்டி மோட்டரத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

பெண்டாட்டி சொல்லுக்கு மறுபேச்சு இல்லாமல் அன்றிலிருந்து மாட்டிக்கொண்டார்.

இன்றைக்கு அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தபோது லேத்து நின்றது. மழைக்காலத்தில் அது நிற்பது ஒரு செய்தியா? கரண்டு போகும், லேத்து நிற்கும், அழகன் மின்சாரக்காரர்களின் பரம்பரையையே திட்டுவார், பிறகு வரும். இன்று திட்டு கேட்கவில்லை. மழை தகரத்தில் அடிப்பதால் கேட்கவில்லை என்று நினைத்தாள். ரொட்டி தட்டினாள். சம்பல் இடித்தாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்போது அடுத்த வீட்டோடு ஒட்டிய லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

கரண்டு இருந்தது.

அவள் ஓடிப்போய் ஷெட்டுக் கதவைத் தள்ளினாள். கதவு முழுதும் திறக்கவில்லை. பின்னால் அழகன் கிடந்தார்.

கயிற்றை வெட்ட விட்டிருந்தால், ஆள் விழுந்த பிறகும் மோட்டர் சும்மா ஓடிக்கொண்டே இருந்திருக்கும். உளிச் சத்தம் இல்லாமல் வெறும் மோட்டர் ஓடினால் என்ன ஏதென்று எட்டிப் பார்த்திருப்பாள். நல்லது செய்வதாக நினைத்து நானே அவர் வாயை அடைத்துவிட்டேனா என்று ஆட்டோவுக்குள் அவள் மனம் அடித்துக்கொண்டது.

"என்னாங்க, இங்க பாருங்க. எப்ப விழுந்தீங்க? ரொம்ப நேரமாச்சா?"

அழகன் கண்ணைத் திறந்தார். நெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து அவள் முழங்கையைத் தொட்டார்.

"இல்ல புள்ள. இப்பதான்."

"லேத்து அப்பவே நின்னுருச்சே..."

"அது ஷெட்டு ட்ரிப்பு விழுந்துருச்சு. கட்டைய மணல்தாள் போட்டுத் தேச்சிக்கிட்டு இருந்தேன். தேத்தண்ணிக்கு வரலாம்னு... கதவுகிட்ட வந்தேன். விழுந்தேன். ஒடனே நீ வந்துட்ட."

"சத்தியமாவா?"

"ஒடனே வந்துட்ட" என்றார் மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டார்.

ஷெட்டுக்குக் கரண்டை நிறுத்தும் தனி ட்ரிப்பு சுவிட்ச் உண்டு. அது அடிக்கடி விழுவதும் உண்மைதான். சர்மிளா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டே கடவுள் பெயர்கள் அத்தனையையும் கூப்பிட்டாள். ஆட்டோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது அவர் தலை மடியில் கனத்தது. அவள் சிவசாமியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேகத்தைக் குறைத்துவிடுவார் என்று பயந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், எப்போது விழுந்தார் என்று. இப்போதுதான் என்றாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அழகனின் இமைகளை விலக்கிப் பார்த்துவிட்டு விரலால் மூடினார்.

மறுநாள் காலையில் வீட்டுக் காம்பராவில் சவப்பெட்டி இருந்தது. லயத்தில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. வாசலில் தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கும் மகள் தனுஷிகா ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெட்டிமேல் விழுந்து அழுதுவிட்டு அம்மாவிடம் நகர்ந்து வந்தாள்.

"அம்மா, அப்பா தனியாக் கெடந்தாராம்மா?"

"இல்ல சாமி."

"உண்மையச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் கெடந்தாரு?"

"கெடக்கவே இல்ல. விழுந்தாரு, ஒடனே நான் போயிட்டேன். அப்பாவே சொன்னாரு."

தனுஷிகா அவள் தோளில் முகத்தை வைத்தாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்மா. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சிக்கிட்டு வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பா விழுந்த எடத்தப் பாக்கணும்."

"இரு. உளியெல்லாம் கெடக்கும். நான் மொதல்ல போறேன்."

நேற்று சாத்திவிட்டுப் போன ஷெட்டை யாரும் திறக்கவில்லை. சர்மிளா உள்ளே போய் லைட்டைப் போட்டாள். எரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ட்ரிப்பு விழவே இல்லை. லேத்தில் கட்டில் கால் ஒன்று பாதி கடைந்தபடி நின்றது. அதன் அடியில் சிவப்புச் சாவி பிடுங்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. கிளிப்பில் சட்டைத் துணியின் நூல் இருந்தது.

தரை முழுக்கப் பலாமரத்தூள் மஞ்சளாகப் பரவியிருந்தது. லேத்தடியிலிருந்து கதவு வரைக்கும் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் தூள் இல்லை. இழுபட்டு, சிமெந்து தெரிந்தது. நடுவழியில் ஓரிடத்தில் தூள் இரண்டு பக்கமும் நிறைய ஒதுங்கியிருந்தது. அங்கே நெடுநேரம் கிடந்திருக்கிறார். அங்கிருந்து பிறகும் நகர்ந்திருக்கிறார். கதவின் அடிப்பலகையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தூள் ஒட்டிய விரல்கள் தட்டித் தட்டிப் பதிந்திருந்தன.

அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. வெளியே மகளின் செருப்புச் சத்தம் கேட்டது.

சர்மிளா கதவைப் பாதி சாத்திக் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு, துவாயால் அடிப்பலகையை அழுத்தித் துடைத்தாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

ஈர்க்கு சிமெந்தில் உரசும் சத்தம் காம்பரா வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அழுதுகொண்டிருந்த பெண்களின் நடுவிலிருந்து பக்கத்து வீட்டுக் கிழவி பேச்சியம்மா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாருடி அது? பொணத்த வீட்டுல வச்சிக்கிட்டு வெளக்கமாத்த எடுத்தது யாரு? புத்தி கெட்டுப் போச்சா?"

"அம்மா, கூட்டக் கூடாதாம்மா" என்றாள் தனுஷிகா கதவுக்கு வெளியே. "நாளைக்கு நான் கூட்டிக்கிறேன். வெளிய வாங்க."

"தூசிம்மா" என்றாள் சர்மிளா. "அங்கயே நில்லு. வந்துர்றேன்."

பேச்சியம்மா மாரில் அடித்துக்கொண்டு ஏசுவது நெருங்கி வந்தது. சர்மிளா குனிந்து, கதவடியிலிருந்து லேத்தடி வரைக்கும், கொஞ்சமும் விடாமல் கூட்டிக்கொண்டே போனாள்.