தெற்கு கோலுக்குப் பின்னால்

காலை ஆறு மணிக்குக் கால்பந்து மைதானத்தின் இரும்புக் கதவைத் திறந்து அவள் உள்ளே போனாள். மூன்று நாள் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தெற்குப் பக்கம் பாதி மைதானம் குளமாகிக் கிடந்தது. கணுக்கால் முங்கும் அளவுக்குத் தண்ணீர்.

பதினேழு வருடமாக அந்தப் புல்லை வெட்டி, உருளை ஓட்டி, கோடு போட்டுப் பார்த்துக்கொள்பவள் அவள். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவள் புல்லக்கா. நடுக்கோட்டில் யாராவது எச்சில் துப்பினால் கோச் என்றும் பார்க்காமல் பிடித்துக் கிழித்துவிடுவாள்.

அன்றைக்கு நாலு மணிக்குச் சீசனின் கடைசி ஆட்டம். தோற்காமல் இருந்தாலே போதும், கிளப் முதல் டிவிஷனுக்குப் போய்விடும். அறுபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் படியை மிதித்ததில்லை. ஆனால் பதினோரு மணிக்கு நடுவர் வந்து தரையைப் பார்ப்பார். தண்ணீர் நின்றால் ஆட்டம் எதிரணியின் மைதானத்துக்கு மாறும். அங்கே போய் இவர்கள் ஜெயித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அவள் ஒரே ஆளுக்குத்தான் போன் போட்டாள். கணவருக்கு.

தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. மற்ற நேரமெல்லாம் கிளப்பின் வரலாறு எழுதுவார். யாரும் எழுதச் சொல்லவில்லை. கிளப் அலுவலகத்தின் பீரோவில் செல்லரித்துக் கிடந்த கூட்டக் குறிப்பேடுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். நகரத்துக் குடிநீர்த் துறையில் குழாய் பதித்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி அது. துறை கைவிட்டபோது கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். சம்பள ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இரண்டு தடவை மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்து, இரண்டு தடவையும் எழுந்தார்கள்.

"ஒரு சீசன்ல இருபத்தாறு ஆட்டம் வரிசையா ஜெயிக்கல, தெரியுமா? அப்பவும் கேலரியில ஒரு ஆள் குறையல!" என்பார் சோற்றைப் பிசைந்தபடி.

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. சாப்பாடு ஆறுது."

கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கேட்டு அவள் காது மரத்துப்போயிருந்தது.

அவர் அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதற்குள் கேப்டனும் கோல்கீப்பரும் தூக்கம் வராமல் மைதானத்துக்கே வந்துவிட்டிருந்தார்கள். நாலு பேரும் வாளியில் மொண்டு ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றத் தண்ணீர் அப்படியே இருந்தது.

அவர் வாளியோடு நின்றுவிட்டார். "இந்த இடம் முன்னாடி குட்டையா இருந்தது. மூணாவது வருஷக் குறிப்புல..."

"ஐயோ, இப்ப ஆரம்பிக்காதீங்க! கையில வேலை தலைக்கு மேல கிடக்கு."

"இல்லம்மா, கொஞ்சம் கேளு. அவங்கெல்லாம் குழாய்க்காரங்க. சும்மா விடுவாங்களா? அடியில செங்கல் வாய்க்கால் கட்டிருக்காங்க. தெற்கு கோலுக்குப் பின்னால, கம்பத்துலேர்ந்து ஒன்பது அடி தள்ளி ஒரு இரும்பு மூடி. அதைத் திறந்தா தண்ணி ஆத்துக்குப் போயிடும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பதினேழு வருடத்தில் அந்த மைதானத்தில் தான் கையால் தொடாத இடம் கிடையாது என்று நினைத்திருந்தவள். அப்படி ஒரு மூடியை அவள் பார்த்ததில்லை.

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நாலு தடவை சொல்லிருக்கேன்."

கோல்கீப்பர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். அவள் கடப்பாரையை எடுத்துவந்தாள். ஒன்பது அடி அளந்து குத்தினாள். மண். சுற்றிச் சுற்றிக் குத்தினாள். மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மணி எட்டாகிவிட்டது. அவர் முகம் செத்துப்போயிற்று. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வடக்கு கேலரி கட்டின வருஷம் மைதானத்தையே நாலு கஜம் தெற்கே தள்ளிட்டாங்க! பழைய கம்பம் இங்க இல்ல, உள்ள இருந்தது. அப்ப மூடி..."

"கோல் கோட்டுக்கு உள்ள," என்றாள் அவள். கோட்டிலிருந்து மூன்றடி உள்ளே தண்ணீருக்குள் இறங்கினாள். தான் பெற்ற பிள்ளை போல வளர்த்த புல். ஒரு நொடி கை நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள்.

ணங்கென்றது.

புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி எடுத்தார்கள். ஒரு முழ ஆழத்தில் துருவேறிய மூடி. கேப்டனும் கோல்கீப்பரும் கடப்பாரையைக் கோத்து நெம்பினார்கள். மூடி அசைந்ததும் தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு சுழன்று உள்ளே இறங்கியது. அறுபத்தைந்து வருடத்துக்கு முன் மண்ணுக்குள் கட்டிவிட்டுப் போனவர்களின் வேலை, ஒரு செங்கல் நகராமல் அப்படியே இருந்தது.

"என்ன கைவேலை அது!" என்றார் அவர்.

செய்தி எப்படியோ பரவி, ஒன்பது மணிக்கு வாசலில் கூட்டம். ஸ்பாஞ்சு, துண்டு, முள்கரண்டி என்று கையில் அகப்பட்டதோடு வந்திருந்தார்கள். அவள் கதவில் நின்றுகொண்டாள். "செருப்பைக் கழட்டினா உள்ள வா. இல்லேன்னா அப்படியே திரும்பிடு." இருநூறு பேர் வெறுங்காலோடு மண்டியிட்டுப் புல்லில் துளை போட்டார்கள், ஈரத்தை ஒற்றி எடுத்தார்கள். மூடியைத் திரும்பப் பொருத்தி, மண் இட்டு, சுருட்டிய புல்லை அவளே தன் கையால் விரித்து மிதித்தாள்.

நடுவர் பந்தை எட்டு இடத்தில் போட்டுப் பார்த்தார். எட்டு இடத்திலும் எழும்பியது. தலையாட்டினார்.

ஆட்டத்தில் முதல் கோல் எதிரணிக்கு. எண்பத்தோராவது நிமிடம் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து தெற்கு கோலை நோக்கி உருண்டது. ஈரத்தில் அது நின்றுவிடும் என்று தடுப்பாட்டக்காரன் ஒரு அடி தயங்கினான். பந்து நிற்கவில்லை, காய்ந்த தரையில் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முப்பத்தாறு வயதுக் கேப்டன் விழுந்து காலை நீட்டினான். வலை குலுங்கியது.

ஒன்றுக்கு ஒன்று. அது போதும்.

கடைசி விசில் ஊதியதும் கேலரி மொத்தமும் மைதானத்தில் இறங்கியது. "ஏய், புல்லு! புல்லு!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தியதை யார் கேட்டார்கள்? தலை நரைத்த கண்டக்டர் ஒருவர் அவளிடம் வந்து, அழுதுகொண்டே, ஒரு பிடி புல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"ஓரத்துல எடுத்துக்குங்க," என்றாள்.

கணவர் ஓய்வறைச் சுவரில் சாய்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சேற்றுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அந்த இருபத்தாறு ஆட்டம்," என்றாள். "இருபத்தேழாவது ஆட்டம் என்ன ஆச்சு?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.