கைப்பிடித் துணி

ஆபரேஷன் செய்த கையில் தையல் பிரித்தாகிவிட்டது. இருந்தாலும் கையைத் தொங்கவிட்டால் வீங்கும், நெஞ்சுக்கு மேலேயே தூக்கி வைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் சித்திரபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் பாதையில் ஏறும்போதும் அருள்குமார் வலது கையைத் தூக்கியபடியேதான் நடந்தான்.

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்ததால் வந்த வினை அது. மெஷினை அணைத்த பிறகும் அதிர்வு கைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டுக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போயின. மோதிர விரலில் பாதி போயிற்று. சுண்டுவிரல் மட்டும் தப்பியது. அதற்கு வேறு நரம்பாம். போன மழைக்காலத்தில் மனைவி ரிஞ்சு மஞ்சள் காமாலையில் இறந்துபோனபோது அவள் கையை அவன் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கை சில்லிட்டுப் போனதைச் சுண்டுவிரல்தான் அவனுக்குச் சொன்னது. மற்ற விரல்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

ரோட்டோரத்து மலையில் கொழுந்து வெட்டு நடந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் ரத்தினசாமி குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன மாப்ளே, கையத் தூக்கிட்டு வாரீரு? யாருக்கு ஆசீர்வாதம்? ஃபாதர் லீவுல போயிட்டாரா?"

நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அருள்குமாரும் உதட்டை அசைத்து வைத்தான்.

"ஆசீர்வாதத்த ஒம்ம மச்சானுக்குக் குடும். இன்னைக்குத்தான் மொத நாளு, தோள்பட்டை கழண்டுரும் அவனுக்கு." ரத்தினசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "பேரை அவனுக்கே விட்டுக் குடுத்துட்டீராமே. ஒம்ம மாமனார் போன வாரம் பெரட்டுல வச்சுச் சொன்னாரு. எவனுக்கு வேய் வரும் அந்த மனசு?"

நிரையின் கடைசியில் ஜின்சன் நின்றிருந்தான். ரிஞ்சுவின் தம்பி. இடுப்பில் படுதாவைச் சுற்றிக் கட்டியிருந்தான். கையில் கத்திரி. அருள்குமாரைப் பார்த்ததும் தலையைக் குனிந்து, ஏற்கெனவே வெட்டி முடித்த செடியை மறுபடியும் வெட்டினான்.

அந்தக் கத்திரியை அருள்குமாருக்குத் தெரியும். கத்திரியோடு சேர்ந்த கொழுந்துப் பெட்டியின் ஓரத்தில் ரிஞ்சு நகப்பூச்சால் போட்ட சிவப்புச் சிலுவை இருந்தது. கைப்பிடிதான் மாறியிருந்தது. உள்ளங்கை காய்த்துப்போகாமல் இருக்க அவள் தன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்து அதில் சுற்றி வைத்திருந்தாள். அந்தத் துணியைக் காணோம். அந்த இடத்தில் சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றியிருந்தது.

இனி ரத்தினசாமியிடம் மறுத்துப் பயனில்லை. ரிஞ்சுபோல நிரந்தரத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனால் அந்தப் பேர், அதாவது அந்த வேலை, அந்த வீட்டில் ஒருவருக்குப் போகும். யாருக்கு என்பதைக் குடும்பத்தில் மூத்தவர், வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் சொல்வார். ஆட்சேபம் உள்ளவன் அங்கேயே, அப்போதே வாயைத் திறக்க வேண்டும். பெரட்டு கலைந்துவிட்டால் பேச்சும் கலைந்துவிடும். பேர் யாருக்கோ, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் அவருக்கு. போன வாரம் பெரட்டு நடந்தபோது அருள்குமார் அந்த வீட்டில் தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

கத்திரியைச் சாணை பிடிக்க வேண்டும் என்று மாமா ஏசுரத்தினம் எடுத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. "கை சொகமாகி நீங்க போகையில ரெடியா இருக்கணும்ல" என்றார். நேற்று சாயங்காலம் கம்பம்மெட்டிலிருந்து ஜின்சன் ஜீப்பில் வந்து இறங்கியபோதுகூட, கையைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான். நிஜமாகவே பார்த்தான். விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தான்.

வீட்டில் மாமா இல்லை. அத்தை மதலேனம்மாள் சோற்றைப் பிசைந்து வைத்துக் காத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து வந்த நாள் முதல் அவள்தான் ஊட்டிவிட்டாள். வேட்டி கட்டும்போதுகூட வெளியே நின்று, "கட்டியாச்சா, மாப்ள, நான் வரட்டுமா?" என்று கேலியாகக் கேட்பாள். முதல் நாள் அவன் கூச்சப்பட்டான். இரண்டாம் நாளிலிருந்து வாயைத் திறந்தான். கொழிஞ்சாம்பாறையில் அவனைப் பெற்றவள் வாசற்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டவள். வேதக்காரியைக் கட்டிக்கொண்டு இந்தப் படி ஏறாதே என்று அப்பா கந்தப்பன் சொன்ன அன்றோடு அந்த ஊடு முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவனுக்கு இருந்தது இந்த லயத்தின் இரண்டு அறைகள்தான். ரிஞ்சு அடுப்பு பற்றவைத்த அறையும் ரிஞ்சு படுத்த அறையும்.

கருவாட்டுக் குழம்புச் சோற்றை உருட்டி அவள் நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"பசிக்கலையா?"

"ஜின்சனைப் பார்த்தனுங்க."

அவள் கை அப்படியே நின்றது. உருண்டை தட்டில் இறங்கியது. தெரியாதவள்போல் நடிக்கவில்லை, அந்த அளவுக்கு அவளை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க, வாடகை வீடு, ஏலக்காய் ஜீப்பு ஓட்டி ஓட்டி முதுகு போச்சு என்று ஆரம்பித்தாள். இந்த வீடு முதலில் தன் பேரில் இருந்தது என்றாள். தனக்கு ஓய்வு வந்தபோது வீடு போய்விடக் கூடாது என்று ரிஞ்சு படிப்பை விட்டு வந்ததைச் சொன்னாள். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ரிஞ்சு விட்டுவந்த காலேஜில் அவனும் படித்தான். அவள் பின்னால்தான் இந்த மலையேறினான்.

"நீங்க வயசுப் பையன், மாப்ள. நாளைக்கு இன்னொருத்தியக் கட்டுவீங்க. கட்டணும், வேண்டாங்கல. ஆனா எம் மக பேரு போட்ட வீட்டுல இன்னொருத்தி வந்து ஒல வைக்கிறத நான் எப்படிப் பாப்பேன்?"



"எப்பங்க அத்தை முடிவு பண்ணுனீங்க?"

அவள் சிதறிய பருக்கைகளைத் தட்டில் ஒதுக்கினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாலயா, பின்னாலயா? அதை மட்டும் சொல்லீருங்க."

கையை அறுத்துக்கொள்ளச் சொன்னதே மாமாதான். மரத்த கையோடு பேர் பதியப் போனால் எஸ்டேட் டாக்டர் தள்ளிவிடுவார், முதலில் கையைச் சரிபண்ணுங்கள், பேர் எங்கேயும் ஓடிப்போகாது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார். ஆபரேஷன் அறை வாசலில் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

மதலேனம்மாள் முந்தானையால் விரல்களைத் துடைத்தாள்.

"முன்னாலதான்" என்றாள். "கை கட்டோட இருந்தா நீங்க பெரட்டுக்கு வரமாட்டீங்கன்னாரு. ஆனா ஊட்டுனது பொய்யில்ல, மாப்ள. அது நெசந்தான்."

அவள் அழுதாள். அதுவும் நிஜம்தான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மொத்தமும் பொய்யாக இருந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம்.

நாளைக்கே போகச் சொல்லவில்லை, முன்னறையில் படுத்துக்கொள்ளலாம், ஜின்சன் ஒன்றும் சொல்லமாட்டான் என்றாள். ஜின்சன் அனுமதிப்பானாம். அருள்குமார் எழுந்தான். தட்டை இடது கையால் அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பின்பக்கம் போனான்.

குழாயடியில் வழக்கமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்றைக்குச் சொட்டவில்லை. ஒற்றைக் கையால் அவனால் இறுக்க முடியாதிருந்த மூட்டில் யாரோ துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பச்சைத் துணி. ஓரத்தில் மஞ்சள் புள்ளி.

கத்திரிப் பிடியிலிருந்து உரித்ததை வீணாக்கவில்லை ஜின்சன்.

குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். இடது கையால் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். உள்சுற்றில் அவளுடைய உள்ளங்கை அழுக்கும் கொழுந்துக் கறையும் கறுப்பாக இருந்தன. கடைசிச் சுற்று கழன்றதும் தண்ணீர் பீறிட்டு அவன் சட்டையில் அடித்தது. நனைக்கக் கூடாது என்று சொன்ன கையிலும் அடித்தது.

ஆள்காட்டி விரல் நுனி ஜில்லென்றது.

அவன் அசையாமல் நின்றான். இடது கைக் கட்டைவிரலால் அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றுதான் இருந்தது. ஒரு வருஷம் தாமதமாக அந்த விரலுக்கும் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"தண்ணி வீணாப் போகுது, மாப்ள" என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னாள்.

"போகட்டுங்க, அத்தை. இனி அது ஜின்சன் ஊட்டுத் தண்ணிங்க."

ஈரத் துணியைப் பிழியாமல் சட்டைப் பைக்குள் வைத்தான். தூக்கியே வைத்திருந்த கையைத் தொங்கவிட்டான். ரத்தம் இறங்கி மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அது தெறிக்கத் தெறிக்க லயத்தின் பின்வழியாகவே ரோட்டுக்கு இறங்கினான்.