கால் பரிசோதனை

பெரிய வியாழன் மாலையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், போதகர் கால் கழுவுவார். அது பல சபைகளிலும் நடப்பதுதான். இந்தச் சபையில் மட்டும் அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை இன்னொரு சடங்கு உண்டு. கால் பரிசோதனை.

அதைக் கண்டுபிடித்த புண்ணியவதி பொருளாளரின் மனைவி. சபை இளசுகள் அவளுக்கு வைத்த பெயர் சோப்பம்மா. ஒரு வருஷம் ஒரு கொத்தனார் வேலையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்துவிட்டார். போதகர் ஊற்றிய தண்ணீர் பேசினில் சிமெண்டுக் கரைசலாகத் தேங்கியது. முன்வரிசை மூக்கைச் சுளித்தது. மோட்சமே கறைபட்டுப் போனதுபோல் சோப்பம்மாவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த வருஷமே பின்னறையில் ஒரு நாற்காலி போட்டு, கீழே செய்தித்தாள் விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும். பேனா முனையால் விரல்களை விலக்கிப் பார்ப்பாள். நகத்தை வெட்டு, குதிகாலைத் தேய், வியாழக்கிழமை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு வா என்பாள். கழுவிய காலைக் கழுவ ஒரு போதகர், அதைப் பார்த்து உருகிக் கண்ணைத் துடைக்க ஒரு சபை. இதற்குப் பெயர் தாழ்மை.

"ஏதோ என்னால ஆன ஊழியம்" என்று அவள் சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது குரல் தேன்பாகாக இழுபடும்.

இத்தனை பேர் காலைக் குடைந்தவளின் கால் எப்படி இருக்கும் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. வெயிலோ மழையோ, மூடிய ஷூவும் காலுறையும்தான். கல்யாணத்துக்கு முன் வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரித்த கால் அது. நகங்கள் மஞ்சளித்துத் தடித்திருந்தன. கட்டைவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, மாட்டுக் குளம்பு மாதிரி" என்று சிரித்தார். அன்றிலிருந்து படுக்கையிலும் காலுறையோடுதான். அவருக்கு அந்தப் பேச்சு மறந்தே போயிற்று. சொன்னவர்களுக்கு எப்போதும் மறந்துதான் போகும்.

இந்த வருஷம் புதுப் போதகர் வந்திருந்தார். விவரம் தெரியாத மனிதர். கடைசி பெஞ்சில் உட்கார்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்காரியைப் பன்னிரண்டில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார். அவள் பரிசோதனைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சோப்பம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். நாளெல்லாம் ஈரத்தில் நின்ற கால். விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகி, ஊதா மருந்து அப்பியிருந்தது.

சோப்பம்மா பேனாவை நீட்டவில்லை. அந்தக் காலை அவளுக்குத் தெரியும், தன் காலைத் தெரிவதுபோல. அதனால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படிம்மா ஐயா முன்னால உக்காருவ?"

"கழுவத்தான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள் சலவைக்காரி.

சோப்பம்மா, புண் ஆறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னாள். மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒரு சலுகையும் கொடுத்தாள். வியாழக்கிழமைக்குத் துண்டுகளைத் தோய்த்துக் கொண்டுவரலாம், அதுவும் ஊழியம்தானே.

சலவைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டாள். "துண்டு தோய்க்க மட்டும் நான் சுத்தமா? வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் காலத்தில் ஏழைகளுக்கு வாய் நீண்டுவிட்டது என்று சோப்பம்மா போதகரிடம் வருத்தப்பட்டாள். சலவைக்காரிக்கு உடம்பு முடியவில்லை என்றும் ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னாள். ஊழியத்தில் இதெல்லாம் சகஜம்.

அவளுக்குப் பதில் வக்கீலின் மனைவியைப் பிடித்தாள். வக்கீல் மனைவியின் கால் ஏற்கெனவே ரோஜா இதழ் மாதிரிதான் இருக்கும். அதில் போய் சோப்பம்மா குறை கண்டுபிடித்தாள். குதிகாலில் லேசாகச் சொரசொரப்பு இருக்கிறதாம். அந்த அம்மாள் சொல்தட்டாத விசுவாசி. வீட்டுக்குப் போய்க் கல்லை எடுத்து, குதிகாலைத் தோல் உரிந்து ரத்தம் கசியும்வரை தேய்த்துவிட்டாள். வியாழக்கிழமை மாலை ஆராதனைக்குக் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து, கூசிப்போய்க் கடைசி பெஞ்சில் சலவைக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினோரு பேரின் கால்களைக் கழுவி முடித்த போதகர் காலி நாற்காலி முன் வந்து நின்றார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு சோப்பம்மா.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

அவள், வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று கிசுகிசுத்தாள். பாடகர் குழு பாட்டின் கடைசி வரியை மறுபடி எடுத்தது. அவர் நகரவில்லை.

"நான் ஊழியம் செய்யறவ ஐயா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ஊழியம் செய்யறவங்களுக்குக் கால் கிடையாதா?"

பாடகர் குழு அதே வரிக்குத் திரும்பவும் போனது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் முன்வரிசையிலிருந்து, உட்காரேன் என்று தாடையால் சைகை காட்டினார். சோப்பம்மா உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். போதகர் காலுறையில் கை வைத்ததும் இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திருடனிடம் தாலியைப் பிடித்துக்கொள்கிறவள்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க மாட்டாள். போதகர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, இளைஞர்தானே, என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீரைக் காலுறைமேலேயே ஊற்றினார். துண்டால் காலுறையைத் துடைத்தார்.

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள், "பாருங்க, காலக்கூடக் காட்டக் கூச்சப்படற அடக்கம்" என்று விசும்பினாள். முன்வரிசை எதற்கும் அழும்.

ஆராதனை முடிந்ததும் சோப்பம்மா பின்னறைக்குள் புகுந்து உட்கார்ந்தாள். சொட்டச் சொட்ட ஈரம். காலுறையோடு ஷூவுக்குள் கால் போக மறுத்தது. காலுறையைக் கழற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெடிப்புகளில் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே மனிதர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சலவைக்காரி உள்ளே வந்தாள். கையில் மீந்துபோன ஒரு துண்டு.

"காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. நீ போம்மா."

"பாவம் பாத்தெல்லாம் வரல. உங்கமேல எனக்கு இன்னும் கோவந்தான்" என்றாள் சலவைக்காரி. "ஈரத்துல ஊறினா எப்படி எரியும்னு தெரியும். அதான் வந்தேன்."

சோப்பம்மா அவளைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மன்னித்துவிடு என்பது அதில் ஒன்று. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கதவச் சாத்து."

"சாத்தமாட்டேன்க்கா."

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள்போல் இருந்தாள். கெஞ்சவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

சோப்பம்மாவுக்கு எரிந்தது. ஊழியம் என்றால் செம்பு தூக்கலாம், பேனா பிடிக்கலாம், நாலு பேரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். சும்மா வாங்கிக்கொள்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷப் பிரசங்கமும் அவள் தலைக்கு மேலேயே போயிருந்தது. வாசலைப் பார்த்தாள். புருஷன் அங்கே கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பினால் தெரிந்துவிடும்.

குனிந்து ஒரு காலுறையை உருவினாள். மஞ்சள் நகமும் ஏறிய விரலும் வெடித்த குதிகாலும் வெளிச்சத்துக்கு வந்தன. அந்தக் காலைத் துண்டின்மேல் வைத்தாள். மற்றக் காலை நாற்காலிக்கு அடியில் நன்றாக இழுத்துக்கொண்டாள்.

சலவைக்காரி அதைக் கேட்கவில்லை. கொடுத்த காலைத் துடைக்க ஆரம்பித்தாள்.