யாருக்கு வரும் அமெரிக்கா

1994 அக்டோபர். ஈராக் படை மறுபடியும் எல்லைக்கு வந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதுதான் தாமதம், அந்தக் குவைத் வீட்டில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கிவிட்டன. சவுதிக்கு ஓட ஏற்பாடு. வீட்டுக்குக் காவலாக வேலைக்காரி ராக்கம்மா மட்டும் இருக்க வேண்டுமாம். நல்ல நியாயம் போங்கள்.

டிரைவர் ஜெயசீலன் சாமான் ஏற்றிக்கொண்டே தேற்றினான். "பயப்படாதீங்கக்கா. வளைகுடாவுல எவன் கை வச்சாலும் தன்மேல கை வச்ச மாதிரின்னு அமெரிக்காக்காரன் கொள்கையே வச்சிருக்கான். எண்ணெய் இருக்கிறவரைக்கும் விடமாட்டான். கப்பல் கெளம்பிருச்சு."

"அப்ப இவுக ஏன் ஓடுறாக?"

அவன் அடுத்த பெட்டியைத் தூக்கப் போனான்.

நாலு வருஷத்துக்கு முன் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது இவர்கள் போனதும் இப்படித்தான். ராக்கம்மாவின் பாஸ்போர்ட்டும் முதலாளியின் பையோடு போய்விட்டது. ஊர்க்காரர்கள் ஜோர்டானுக்கு பஸ் ஏறினார்கள். பாஸ்போர்ட் இல்லாதவளை எல்லையில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அமெரிக்கப் படை வந்து சேரும்வரை மாடிப்படிக்கு அடியில் பதுங்கிக் கிடந்தாள். அதற்குள் ஈராக் சிப்பாய்கள் இரண்டு தடவை கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். அதற்குமேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் விஜியின் படிப்பை நினைத்துத் திரும்ப இதே வீட்டில் ஒட்டிக்கொண்டாளே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேடம் நகைப்பெட்டியைக் காரில் வைக்கச் சொன்னாள். ராக்கம்மா அதை வாசலில் வைத்து மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பாஸ்போர்ட்டக் குடுங்க. பெறகு எந்திரிக்கிறேன்," என்றாள், தெரிந்த அரபியில்.

முதலாளி கத்தினார். கையை ஓங்கினார். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி மேடம் காருக்குள்ளிருந்து அழுதாள். கடைசியில் முதலாளி பாஸ்போர்ட்டை எடுத்து அவள் முகத்தில் விட்டெறிந்தார். சாவியைத் தரையில் போட்டார்.

சில நாளில் அமெரிக்கப் படை வந்து குவிந்தது. ஈராக் பின்வாங்கியது. வீட்டார் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராக்கம்மா வாசலில் நின்றாள்.

முதலாளி கையை நீட்டினார். "கலாஸ், ஆபத்து தீர்ந்தது. அமெரிக்கா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கொடு."

"ஒங்களுக்கு ஆபத்துன்னா அவன் வருவான், பாபா. எனக்கு ஆபத்துன்னா நான்தான வரணும்."

நீட்டிய கையில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.