வீட்டிலிருந்து வகுப்புக்கு

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அறையில் இருந்தவர்கள்:

இலக்கம் 02, கிரிசாந்த், கல்குடா.
இலக்கம் 05, நஸீறா, ஓட்டமாவடி.
இலக்கம் 07, றஞ்சிதா, பனிச்சங்கேணி.
இலக்கம் 11, கோணாமலை, கிரான்.
இன்னும் ஏழு பேர்.
ஆசிரியர் ஜெயரூபன்.

வரவு இடாப்பில் இவ்வளவுதான். பத்து மணிக்கு வரப்போகிறவரின் பெயரை எழுத அதில் கட்டம் கிடையாது.

ஜெயரூபன் இடாப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தபோது இணைப்பாளர் மங்கையற்கரசி புரொஜெக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டவுனிலிருந்து ஒரு மணித்தியாலம் வான் வண்டியில் வந்த களைப்பு முகத்தில் இல்லை. ஒரே சந்தோஷம்.

“சுவரில பெரிசாக் காட்டுவம் ஜெயரூபன். அந்த ‘வீட்டிலிருந்து வகுப்புக்கு’ பக்கம். அறுபத்தொரு பதிவு! வேற எந்த நிலையத்திலயும் இப்பிடி இல்லையாம். கொழும்பில இருந்தே போன் எடுத்துச் சொன்னாங்க.”

“ஆருக்குக் காட்டப் போறீங்க மிஸ்?”

“ஆமிக் காம்ப் கப்டனுக்குத்தான். அவர்தானே இண்டைக்குப் பிரதம விருந்தினர்.”

ஜெயரூபன் அலுமாரித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் வந்தான்.

“அந்தப் பக்கத்த நீங்க வாசிச்சீங்களா மிஸ்?”

“எண்ணினன்,” என்றார் மங்கையற்கரசி.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி மாதம். கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று போன வருடமே அறிவித்தாயிற்று. வடக்கில் நடந்துகொண்டிருந்தது. முடிந்த இடத்தில் ஆமிக் காம்ப்புகள் மிஞ்சின. காம்ப்பைக் கேட்காமல் கோயில் திருவிழாவும் நடக்காது, கணினி வகுப்பும் நடக்காது. கேட்டால் அனுமதி கிடைக்கும். தந்தவரைக் கூப்பிட்டு முன்கதிரையில் இருத்தி மாலை போடவேண்டும்.

அந்த அறை சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்தது. எட்டுக் கணினி, ஒரு தொலைபேசி வயர். அந்த வயர் வழியாகக் கொழும்புக் கல்லூரி ஒன்றின் டிப்ளோமா வந்தது. பல்கலைக்கழகக் கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஜெயரூபனைக் கடல் பிடித்தது. தாயையும் வீட்டையும் சேட்டிபிக்கட்டுகளையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவன் கம்பஸ் பக்கம் போகவில்லை. ஆள் கிடைக்காததால் இந்த வேலை அவனுக்குக் கிடைத்தது.

கொழும்புக்கு வகுப்பு தெரியாது, திரைதான் தெரியும். திரையில் பெயர் வராது, இடாப்பு இலக்கம்தான் வரும். பிள்ளைகள் செவ்வாயும் வெள்ளியும் வருவார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வாய் ஓயாமல் கதைப்பார்கள். உள்ளே வந்து கணினிக்கு முன்னால் இருந்ததும் ஊமையாகிவிடுவார்கள். கலந்துரையாடல் பக்கத்தில் இரண்டு மாதத்தில் மூன்று பதிவு. அதில் இரண்டு ஜெயரூபன் போட்டது. ஐப்பசி முடிவதற்குள் ஐம்பது வராவிட்டால் நிலையத்தை மூடுவோம் என்று கடிதம் வந்தது. மூடினால் இந்தப் பதினொரு பேருக்கும் வேறு படிப்பு இல்லை.

திரையில் பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி என்று கொழும்பில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். ஜெயரூபன் கொப்பியில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்தான். பாடப்புத்தகத்தைக் கேட்காதே, அவர்களுடைய வாழ்க்கையைக் கேள். எழுதினால் ஒரு நாளுக்குள் பதில் போடு. பாராட்டு. பாராட்டிவிட்டு இன்னொரு கேள்வி கேள்.

அந்த வாரம் பாய்ச்சற் கோட்டுப் படம். செய்யும் வேலைக்கு ஒரு பெட்டி, முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு சாய்சதுரம், அதிலிருந்து ‘ஆம்’ ஒரு பக்கம், ‘இல்லை’ ஒரு பக்கம். புத்தகத்தில் தேநீர் போடுவதை உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் தேநீர் போடுவதில் எவரும் தடுமாறுவதில்லை. ஜெயரூபன் கேள்வியை மாற்றினான். உங்கள் வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் வழியைப் படிப்படியாக எழுதுங்கள். எங்கெங்கே முடிவெடுக்கிறீர்கள்?

மடை திறந்த மாதிரி வந்தது.

கோணாமலை எழுதினார்: காவலரணில் நெட்டை ஆமி நிற்கிறானா? ஆம் என்றால் சைக்கிளை விட்டு இறங்கு. இல்லை என்றால் இறங்காமல் மெல்லப் போ. கிரிசாந்த் அதைத் திருத்தினான்: நெட்டையன் பகல் ஒரு மணிக்கு மாறுவான் அண்ணே, பிறகு வாறவன் குறுக்கு ஒழுங்கையை நாலு மணிக்கு மூடுவான். நஸீறா சந்தியில் பையைக் கொட்டிப் பார்க்கும் இடத்தை எழுதினாள். ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்பினார். பத்து நாளில் வாகரையிலிருந்து கல்குடா வரைக்கும் எந்தக் காவலரண், எத்தனை பேர், எப்போது மாறுவார்கள், எப்படிச் சுற்றிப் போகலாம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் ஒழுங்காக வந்துவிட்டது. ஜெயரூபன் அதை வகுப்பு என்று நினைத்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் அப்படி நினைத்தான்.

எல்லாவற்றிலும் திறமானது 07, றஞ்சிதா போட்டது. ‘பாலத்தில் தலையாட்டி இருக்குமா? ஆம்: பாலத்துக்குப் போகாதே, களப்பால் போ.’ தலையாட்டி என்றால், முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஆமிக்கு ஆளைக் காட்டிக்கொடுப்பவர். அந்தப் பதிவின் கீழே ஜெயரூபன் எழுதியிருந்தான்: ‘மிக நன்று! களப்பு வழியையும் படிகளாகத் தாருங்கள். எத்தனை மணிக்கு? தண்ணீர் எவ்வளவு?’ கேட்டதில் ஒன்றையும் விடாமல் அவள் தந்திருந்தாள்.

மங்கையற்கரசி வயரைக் கொழுவிக்கொண்டிருந்தார். ஜெயரூபன் றஞ்சிதாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினான்.

“புள்ள, நீ ஏன் பாலத்தால வாறல்ல?”

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டாயிரத்து ஆறில வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனதுதானே சேர். ஏழு மாசம். என்னோட ஒரே பங்கருக்க இருந்தவள்தான் இப்ப பாலத்தில சாக்கு மூடி இருக்காள். கால் விரலப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டன். அவள் தலைய ஆட்டினா நான் ஆமிட வானுக்க.”

“இத ஏன் எழுதினாய்?”

“இந்தப் பக்கம் பூட்டின அறை மாதிரி, நம்மட்ட மட்டும்தான் திறப்பு எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க.”

சொன்னது உண்மைதான். பயிற்சியில் அதையும் சொல்லித் தந்திருந்தார்கள்.

அவன் கொழும்புக்குப் போன் எடுத்தான். பதிவுகளை அழிக்கும் அதிகாரம் அங்கேதான் இருந்தது. எடுத்த பையன் சிரித்தான். “பைத்தியமா சேர்? இருக்கிறதுக்குள்ள நல்ல டிஸ்கஷன் அதுதானே,” என்று வைத்துவிட்டான்.

“றஞ்சிதாவ வீட்ட அனுப்புவம் சேர்,” என்றான் கிரிசாந்த்.

எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது மணிக்கே இரண்டு ஆமி வந்து கேற்றில் நின்றிருந்தார்கள். கப்டன் வந்து போகும்வரை உள்ளே வரலாம், வெளியே போக ஏலாது.

ஜெயரூபன் நடுவில் வந்து நின்றான். “கேளுங்க எல்லாரும். புதுப் பதிவு மேலுக்கு நிக்கும், பழசு கீழுக்குப் போகும். ஒரு பக்கத்துக்கு இருபது. கைக்கு வந்ததெல்லாம் எழுதுங்க. வழி மட்டும் வேணாம். அந்த அறுபத்தொண்டும் அடிக்குப் போகோணும்.”

“என்னத்த எழுத சேர்?” என்றார் கோணாமலை.

“வயல் வட்டைக்குத் தண்ணி கட்டுறத எழுதுங்க அண்ணே.”

“நான் புளியாணம் வெக்கிறத எழுதிறன்,” என்றாள் நஸீறா. “உப்புச் சரியா? இல்லையெண்டா மாப்பிள்ளைட முகத்தப் பாரு.”

“உனக்கு எங்கடி மாப்பிள்ளை?”

“அதுக்கும் ஒரு சாய்சதுரம் போடுறன் கிரிசாந்த், பொறு.”

ஆரோ சிரித்தார்கள். விரல்கள் ஓடின. இரண்டு மாதமாக அவன் காணாத வகுப்பு அப்போதுதான் நடந்தது. ஒருவரை ஒருவர் கேட்டு, திருத்தி, முந்தி. மங்கையற்கரசி ஒன்றும் விளங்காமல் பார்த்தார். “என்ன இது, அவர் வாற நேரத்தில?” ஜெயரூபன் அவருடைய காதுக்குள் நாலு வசனம் சொன்னான். அவர் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோனது. அலுமாரித் திறப்பை அவருடைய கையில் வைத்தான். அவர் கைப்பையைத் திறந்து போட்டுக்கொண்டார்.

மற்ற நாளெல்லாம் பத்து மணிக்குக் கரண்ட் போகும். அன்று போகவில்லை.

கப்டன் வந்தார். மாலையைப் போட்ட கையோடு கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு வருடத்தில் படித்த தமிழ், சுத்தமாக இருந்தது. சுவரில் நண்டு பிடிக்கும் முறை ஒளிர்ந்தது. ‘நண்டு விரலைக் கடித்ததா? ஆம்: கத்து.’ கப்டன் வாய்விட்டுச் சிரித்தார். புளியாணத்துக்கும் சிரித்தார். அடுத்த பக்கத்தைத் தட்டச் சொன்னார். அங்கேயும் வயல், வலை, தலை பின்னுதல்.

“எல்லாம் இன்று காலை எழுதியவை,” என்றார். “நேரம் பக்கத்தில் இருக்கிறது.”

கோணாமலை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

கப்டன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து விரித்தார். “இவை நேற்றே எனக்கு வந்தவை. அழைப்பிதழோடு.”

நிலையம் நன்றாக நடக்கிறது என்று காட்ட மங்கையற்கரசிதான் அச்செடுத்துக் கடித உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். காலையில் அதை ஜெயரூபனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. ஜெயரூபன் எட்டிப் பார்த்தான். பிள்ளைகள் எழுதியதன் கீழே கோடு இல்லை. அவன் எழுதியதன் கீழேதான். எத்தனை மணிக்கு? வேறு வழி உண்டா? தண்ணீர் எவ்வளவு? இன்னும் விரிவாகத் தாருங்கள்.

“நீங்கள் கேட்கிறீர்கள், இவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கு இந்தக் கேள்விகளைத் தந்தது யார்?”

“அது கற்பிக்கிற முறை சேர். பிள்ளைகள் எழுதினா பாராட்டோணும், பாராட்டிட்டு இன்னொரு கேள்வி கேக்கோணும். கொழும்பில படிப்பிச்சது.”

“நல்ல முறை. எங்களிடமும் அதுதான்.” கப்டன் தாளைப் புரட்டினார். “ஏழாம் இலக்கம் யார்?”

றஞ்சிதா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். நஸீறாவின் கை அவள் தொடையில் இருந்தது.

“இடாப்பைக் கொண்டு வாருங்கள்.”

“அலுமாரித் திறப்பு டவுனில என்ர வீட்டில சேர்,” என்றார் மங்கையற்கரசி. “திங்கட்கிழமை கொண்டு வாறன்.” கைப்பையை இடுப்போடு அணைத்திருந்தார்.

கப்டன் அவரைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆமியைப் பார்த்தார். அந்த அலுமாரியை உடைக்க அவனுடைய துவக்கின் அடிப்பக்கத்தால் ஒரு இடி போதும்.

“ஏழு நான்தான்,” என்றான் ஜெயரூபன்.

“உங்களை நீங்களே ‘மிக நன்று’ என்று பாராட்டினீர்களா?”

“ஓம். ஆரும் கதைக்காட்டி ஆசிரியர் வேற இலக்கத்தில உள்ளுக்க போய் அவரே கேட்டு அவரே சொல்லோணும். அதைப் பாத்துத்தான் மற்றவங்களுக்கு வாய் வரும். அதுவும் முறைதான்.”

“பிள்ளைகளை ஏமாற்றினீர்கள்.”

“ஏமாத்தினன்.”

கப்டன் தாள்களை மெதுவாக மடித்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. அவருக்கு நம்பத் தேவையும் இல்லை.

“அப்படியென்றால் களப்பு வழி உங்களுக்குத் தெரியும். ஜீப்பில் வாருங்கள். தோணி நிற்கும் இடத்தைக் காட்டுங்கள்.”

ஜெயரூபன் பனிச்சங்கேணிக் களப்புத் தண்ணீரில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனால் நன்றாகக் கேட்டிருந்தான். வாசலை நோக்கி நடக்கும்போது றஞ்சிதா எழுதிய படிகளை மனதுக்குள் ஓட்டினான். பாலத்துக்கு அரை மைல் முன்னால் மணல் ஒழுங்கை. முடிவில் இரட்டைக் கண்டல் மரம். தோணி அதன் வேருக்குள். காலை ஆறரைக்கு முன்னால் தண்ணீர் இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. கம்பு ஊன்றித் தெற்கே. எதிர்க்கரையில் வலை காயப்போடும் பரண். அங்கே இறங்கு. அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அதற்குள் அறுபத்தொன்று வந்துவிட்டது. கணக்குப் போதும் என்று விட்டுவிட்டான்.

“சேர்,” என்றது பின்னால் றஞ்சிதாவின் குரல். ஏதோ சொல்ல எழும்புகிறாள் என்று விளங்கியது. அவன் திரும்பினால் அவள் சொல்லிவிடுவாள். திரும்பவில்லை.

“இருடி,” என்றாள் நஸீறா.

கேற்றில் நின்ற இரண்டு ஆமியும் ஜீப்பின் பின்பக்கம் ஏறினார்கள். நடுவில் அவனுக்கு இடம் விட்டார்கள். ஒரு காலை மிதிபலகையில் வைத்தபோது முதுகுக்குப் பின்னால் மங்கையற்கரசி கதவை இழுத்துச் சாத்துவது கேட்டது. உள்ளேயிருந்து கதவுத் திறப்பு இரண்டு முறை திரும்பிப் பூட்டியது.