சின்ன ர, பெரிய ற

திருத்தம்மாவுக்குப் பயம் வந்தால் முதலில் எழுத்துகள்தான் கலங்கும். அன்று பகல் ஒன்றரை மணிக்கு, தண்ணீர் மோட்டார் கையேடு ஒன்றின் நாலாம் பக்கத்தில், ‘இயக்குவதற்கு முன்’ என்ற இரண்டு சொற்களை ஐந்து முறை படித்தும் அவள் மண்டையில் ஏறவில்லை. காரணம், சற்று முன் தங்கை போனில் சொன்னது.

“அக்கா, அணையைத் திறக்குறாங்களாம். நாலு மணிக்கு இங்க தண்ணி வந்துடுமாம். புத்தகத்துல சொன்ன அந்த நாள் இன்னைக்குத்தான். நாங்க எல்லாரும் இறங்கப் போறோம்.”

“எதுல இறங்கப் போறீங்க?”

“ஆத்துலதான். உனக்குத் தெரியாதா?”

தெரியும். ‘இறங்குங்கள்’ என்ற அந்தச் சொல்லைத் தங்கையின் சபைப் புத்தகத்தில் போட்டதே அவள்தான். அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். முதலாளியில் தொடங்கி டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் திருத்தம்மா. ஓட்டல் பலகையில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் உள்ளே போய் உட்கார்ந்தாலும் சோறு தொண்டையில் நிற்கும். அப்படி ஒரு ஜென்மம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சபையைச் சேர்ந்தவர்கள் ஒன்பது நோட்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பெரியவர் கண் தெரியாதவர். அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு பலசரக்குக் கடைக் குமாஸ்தா வருடக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அதற்கு ‘வாக்கு’ என்று பெயர். அதில் ஒரு புள்ளிகூட மனிதன் வைத்ததில்லை என்றார்கள். உண்மையில் குமாஸ்தா பாதி இடங்களில் புள்ளியே வைக்கவில்லை. முந்நூறு புள்ளியாவது திருத்தம்மா வைத்ததுதான்.

குமாஸ்தாவுக்கு ரகரமும் றகரமும் ஒன்று. ‘கறுணை’ என்றும் ‘அரம் செய்’ என்றும் பக்கத்துக்குப் பத்து இருந்தன. புதிதாகச் சேர்ந்த மிதப்பில் அவள் சிவப்புப் பேனாவால் தாளைக் கிழித்துப் போட்டாள். நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. ‘வெள்ளம் வரும் நாளில் என் மக்களே, இரங்குங்கள். கரையில் நிற்பவனை நான் அறியேன்.’ வெள்ளம், கரை, அப்புறம் இரங்குங்களாம்! குமாஸ்தா இங்கேயும் கோட்டை விட்டுவிட்டார் என்று சிரித்துக்கொண்டே அவள் சின்ன ரகரத்தை அடித்து, ஓரத்தில் பெரிய ற போட்டாள்.

மனசு இரங்கு, தவிக்கிறவனுக்கு உதவு, வேடிக்கை பார்த்துக்கொண்டு கரையில் நிற்காதே என்று பெரியவர் சொன்னதை, ஆற்றில் இறங்கு என்று மாற்றியாகிவிட்டது. அந்த ஒன்பது நோட்டில் குமாஸ்தா சரியாக எழுதிய இடம் அது. புத்தகம் அச்சேறிய வாரம் பெரியவர் இறந்தார். நோட்டுகளையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஏழு வருடத்துக்கு முன்புதான் அவளுக்கே உறைத்தது. புருஷனைப் பறிகொடுத்த தங்கை அந்தச் சபையில் போய்ச் சேர்ந்து, ஒரு மாலை தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அந்த வரியை ராகமாகச் சொன்னாள். திருத்தம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆற்றில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். மழைக்காலத்தில் சபைக்காரர்கள் போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். நனைக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டாள். சொன்னால் தங்கை முகத்தில் திரும்பி வந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. உண்மையில் அதைவிடப் பெரிய பயம், பிழை தன்னுடையது என்று ஒத்துக்கொள்வது.

இப்போது மூன்று நாளாக விடாத மழை. தங்கைக்கு நீச்சல் தெரியாது. அம்மா இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயது இளையவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் திருத்தம்மா. மோட்டார் கையேட்டை அப்படியே போட்டுவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

முதலில் வீடு. பழைய மெய்ப்புத் தாள்களை அவள் தூக்கி எறிவதில்லை. சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்துவிடுவாள். நூற்றுப் பதினாலாம் பக்கம் பருப்பு டப்பாவுக்குக் கீழே எண்ணெய்க் கறையோடு கிடந்தது. ஏழு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கித் துடைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் மட்டும் பார்க்காமல் துடைப்பாள். தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது அவசர உதவிக்குப் போன் செய்தாள். எல்லா வண்டியும் தாழ்வான தெருக்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

சபைக் கூடம் ஆற்றங்கரையிலேயே இருந்தது. நாற்பது பேர் வெள்ளை உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் பயம் இல்லை. அதுதான் திருத்தம்மாவுக்குப் பயமாக இருந்தது. புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வாசகர் மேடையில் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

“ஐயா, ஆத்துல இறங்காதீங்க. இது பெரியவர் சொன்னதில்ல. நான் செஞ்ச பிழை.” தாளை நீட்டினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சின்ன ர, பெரிய ற, குமாஸ்தா, சிவப்புப் பேனா, ஒன்றும் விடவில்லை.

வாசகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“குமாஸ்தா மனுஷன்தானேம்மா. காது தப்பியிருக்கும், கை தப்பியிருக்கும். அதைச் சரிபண்ண உங்களைக் கொண்டாந்து அங்க உட்கார வெச்சது யாரு?”

“யாரும் இல்லைங்க. பேப்பர்ல விளம்பரம் பார்த்துப் போனேன்.”

“அன்னைக்கு அந்தப் பேனா உங்க கையில தானாவா ஓடுச்சு?”

“திமிருல ஓடுச்சு ஐயா. எல்லாம் எனக்குத் தெரியும்கிற திமிரு.”

“அந்தத் திமிரைக் குடுத்தது யாரு?” என்று அவர் அன்பாகவே கேட்டார்.

 அவள் பின்னால் திரும்பினால் கூடமே எழுந்து நின்றது. ஒரு கிழவர் குனிந்து அவளுடைய வலது கையைத் தொட்டுக் கும்பிட்டார். தங்கை கண்ணில் நீர் தளும்ப ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“நம்ம வீட்டுக் கையா அக்கா அது? எனக்குத் தலைவாரி விட்ட கை!”

“அடியே, அது பிழைடி. எழுத்துப் பிழை. நீ செத்துப் போயிடுவே.”

“இத்தனை வருஷம் எதுக்கு மறைச்சே? சந்தோஷமான விஷயம்தானே?”

வெளியே ஜீப் ஒலிபெருக்கியில் கரையோரம் யாரும் நிற்க வேண்டாம் என்று கத்திக்கொண்டே நிற்காமல் போனது. மணி நாலாக ஏழு நிமிடம் இருந்தது. நாற்பது பேரும் கைகோத்துக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தார்கள். திருத்தம்மா தங்கையின் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பெண்கள் மரியாதையாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

ஆறு காபித்தூள் நிறத்தில் இருந்தது. ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. முதல் வரிசைக்கு முழங்கால் வரை தண்ணீர். தங்கை முதல் வரிசையில்தான் இருந்தாள். வாக்கைத் திருத்திய கைக்காரியின் தங்கை என்று முன்னால் நிறுத்தியிருந்தார்கள். உண்மையைச் சொன்னதால் வந்த மரியாதை அது!  உண்மையைச் சொல்லி ஆகிவிட்டது, ஒருவரும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

“நில்லுங்க!” என்று திருத்தம்மா கத்தினாள். “எனக்கு இப்ப வாக்கு வந்திருக்கு!”

நாற்பது தலைகளும் திரும்பின. வாசகர் கை கூப்பினார்.

“பெரியவர் சொல்றாரு… இரங்குங்க! இரங்குங்க!”

வாயால் சொன்னால் சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் அந்த ஊரில் ஏது வித்தியாசம்? நாற்பது பேரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு படி இறங்கினார்கள். தண்ணீர் தங்கையின் இடுப்புக்கு வந்தது. அவள் கால் வழுக்கி, பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்து நின்றாள். அப்போதும் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

திருத்தம்மாவுக்குப் புரிந்தது. தான்தான் அவளைத் தள்ளிவிட்டோம், இரண்டாம் முறையாக, இந்தத் தடவை வாயால். பிறகு வயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஆம்பிளைக் குரல் மாதிரிக் கட்டையாக இருந்தது.

“ஏறுங்க! கரை ஏறுங்க! உத்தரவு! ஒருத்தர் கூடத் தண்ணியில நிக்கக் கூடாது! ஏறுடி!”

அவர்கள் ஏறினார்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. வாசகர் கடைசி ஆளாகத் தங்கையைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தானும் ஏறி வந்தார். கூடத்து வாசலை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் நின்றிருந்த படிகளின் மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கைப்பிடிக் கம்பிகூடத் தெரியவில்லை.

திருத்தம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிழைத்துவிட்டாள், போதும், இனி ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் கூடத்தைக் கவனித்தாள். நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு நாற்காலியை நடுவில் போட்டிருந்தார்கள்.

“உட்காருங்கம்மா” என்றார் வாசகர்.

“ஐயா, நான் பொய் சொன்னேன். வாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவளுக்காகச் சொன்ன பொய்.”

“அந்தக் குரல் உங்க குரலாம்மா?”

இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்று சத்தியம் செய்யவும் அவளால் முடியவில்லை. அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. பயத்தில் யாருக்கும் குரல் மாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.  தான் இனி என்ன சொன்னாலும் இவர்கள் செய்வார்கள். தும்மினால்கூட அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள்.

எல்லோருக்கும் உதடு நீலம் பாரித்துப் பல் தந்தியடித்தது. கிழவர் வெடவெடவென்று நடுங்கினார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயோ, போய்த் துணி மாத்துங்களேன். ஈரத்தோட உட்காராதீங்க.”

ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தார்கள். தங்கை மட்டும் போகவில்லை. யாரோ கொடுத்த புது நோட்டு அவள் மடியில் இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டி முதல் பக்கத்தை நனைக்க, அதைத் துடைத்துவிட்டுக் குனிந்து அக்கா சொன்னதை எழுதத் தொடங்கியவள், பாதியில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை நீட்டிக் கேட்ட அதே முகம்.

“அக்கா, ஈரத்துக்கு எந்த ர? சின்னதா, பெரிசா?”

சொல்லாதே, சொல்லாதே என்று திருத்தம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் அவள் தப்பாக எழுதிவிடுவாள்.

“சின்ன ர” என்றது வாய்.

தங்கை அதையும் எழுதிக்கொண்டாள்.