புதுக் கருக்கு அழியாத பூட்ஸ்

டாக்டர் நடக்கச் சொன்னார். ராகவன் உட்காரச் சொன்னார். போன வருஷம் இதயத்தில் அடைப்பு என்று தெய்வநாயகிக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இதே கூத்துதான். ஆபீஸில் ராட்சச இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிற மனுஷன், மனைவி குனிந்து ஒரு ஸ்பூனை எடுத்தால் பதறிப்போவார். எல்லாம் அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடிச் சாமான் மாதிரி அலமாரியில் இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ராகவனின் தங்கை கண்ணகி செங்கல்பட்டில் இருக்கிறாள். அவள் மகள் ஸ்வாதிக்கு ஸ்விட்சர்லாந்தில் வேலை. அம்மாவும் அத்தையும் கோடையில் வந்தே ஆகவேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்தில் ராகவன் இறங்கி வந்தார்.

"போய்ட்டு வா தெய்வா. மலையெல்லாம் ஜன்னல் வழியா பாத்துகினு உக்காரு, போதும்."

தெய்வநாயகியின் கணக்கு வேறு. அங்கே ஒரு அருவி, அருவிக்கு மேலே ஒரு ஏரி. சொந்தக் காலில் ஏறி அந்தக் கரையில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் தான் நோயாளி இல்லை என்று அவருக்குப் புரியும். அதைவிட, தனக்கே புரியும்.

ராகவனிடம் சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் ஞாயிறுதோறும் அவளும் கண்ணகியும் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறினார்கள். முதல் வாரம் நாக்குத் தள்ளியது. கடைசி வாரம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறினார்கள். ஸ்வாதி வாங்கச் சொன்ன மலையேறும் பூட்ஸ் மட்டும் பெட்டியை விட்டு வரவில்லை. கோயில் மலையில் பூட்ஸ் போட முடியுமா? வீட்டைச் சுற்றியாவது போட்டு நடந்திருக்கலாம்தான்.

"புதுசு அண்ணி, இங்க போட்டா தேஞ்சிடும்" என்று கண்ணகி தடுத்துவிட்டாள்.

அந்தப் புதுசு ஸ்விட்சர்லாந்தில், அருவியடியில் வேலையைக் காட்டியது. தெய்வநாயகியின் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. ஏரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

"போதும் அத்தை, இறங்கிடலாம். மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரு" என்றாள் ஸ்வாதி.

தெய்வநாயகிக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. மூச்சு ஒழுங்காக வருகிறது, இதயம் ஒழுங்காக அடிக்கிறது, கேவலம் ஒரு ஜோடி பூட்ஸா தன்னைத் திருப்பி அனுப்புவது? உட்கார்ந்தாள், கழற்றினாள், இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாம பழகுனது வெறுங்கால்லதான கண்ணகி? நட!"

புல்லும் சரளையுமான பாதை. குத்தத்தான் செய்தது. ஆனால் விரல்கள் பழைய நண்பர்களைக் கண்டதுபோல் ஒவ்வொரு கல்லையும் பிடித்துக்கொண்டன. கண்ணகியும் கழற்றிவிட்டாள். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி நின்று, ஏன் இப்படி என்று கேட்டார்கள். ஸ்வாதி வாயைத் திறப்பதற்குள் கண்ணகி முந்திக்கொண்டாள்: "ஹோலி மவுண்டன்! ஷூ நோ!"

அவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுக் குனிந்து நாடாவை அவிழ்த்தார்கள்.

"அய்யய்யோ அண்ணி, நான் சும்மா சொன்னேன், அவங்களும் கயட்றாங்க!"

தெய்வநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசி ஏற்றத்தில் ஏறினாள். ஏரி பச்சைப் பசேலென்று விரிந்தது, அதற்கப்பால் பனி மூடிய சிகரங்கள். கணுக்கால் வரை தண்ணீரில் இறங்கினாள். ஐஸாகக் குளிர்ந்தது. "ஏய்!" என்று அவள் போட்ட கத்தலை மலைகள் திருப்பிக் கத்தின. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

வீடியோ காலில் ராகவன் வந்தார்.

"எங்க கீற? யாரு தூக்கினு வந்தா?"

"யாரும் தூக்கலீங்க. நடந்தே வந்தேன்."

அவர் முகம் வெளிறியது. அவள் போனைச் சுற்றிக் காட்டினாள்: ஏரி, மலை, கீழே எங்கோ இரையும் அருவி, கடைசியில் தன் முகம். ராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். மாத்திரை போட்டாயா என்று கேட்பார், உட்கார் என்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"அடுத்த வருசம் நானும் வரேன் தெய்வா" என்றார். "ஆனா சொல்லிட்டேன், என் பையையும் நீதான் தூக்கணும்."